எட்டாவது இலக்கம்

டென்மார்க்கின் ஹேர்னிங் தமிழ்ச் சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் முதலில் போதகரைப் பார்ப்பதில்லை. பின்வரிசையில், ஒலிவாங்கி வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அருள்மலரின் வலதுகைப் பெருவிரலைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பெருவிரல் சீடி பதியும் கருவியின் றிமோட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தானின் மேல் போய் அமர்ந்துவிட்டால், பேசுகிறவருடைய நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மண்டபத்தில் அவர் குரல் தொடர்ந்து கேட்கும். ஆனால் சீடியில் அது மெல்ல மெல்லத் தாழ்ந்து, தூரத்துக்குப் போய், இல்லாமலே போய்விடும். அதற்கு 'ஃபேட்' என்று பெயர்.

"அக்கா, போன ஞாயிறு என்ர சாட்சியை அரைவாசியில மங்கப் பண்ணிப்போட்டியள்," என்று பேனாட் ஒருநாள் தேநீர் வேளையில் சண்டைக்கு வந்தான்.

"கர்த்தர் உமக்குச் செய்த அற்புதம் முடிஞ்சு கனநேரம் தம்பி. பிறகு நீர் கதைச்சது உம்மட புதுக் காரைப் பற்றி."

"காரும் அவர் தந்ததுதானே?"

"ஓம். ஆனா படுத்த படுக்கையில கிடக்கிற சனத்துக்கு உம்மட டயர் சைஸ் ஏன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேனாட்டும் சிரித்தான். அந்தச் சீடிகள் யாருக்குப் போகின்றன என்று அவனுக்கும் தெரியும். ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் ஞாயிறு வேலை செய்கிறவர்களுக்கு, இரவு வேலை முடித்து உறங்குகிறவர்களுக்கு, கார் இல்லாமல் சின்ன ஊர்களில் தனித்திருப்பவர்களுக்கு, எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு. திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில் கிழமை முழுவதும் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையை அருள்மலர் இவர்களுக்கே கொடுத்திருந்தாள்.

கருவியை வாங்கியவர் அவள் கணவர் றொபேர்ட். தன் பழைய கசெற்றுகளைச் சீடிக்கு மாற்றவென்று ஒரு மலிவு விற்பனையில் வாங்கி வந்து, இரண்டு நாள் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பொறுமை வேணுமப்பா, உனக்குத்தான் சரி" என்று மனைவியிடம் தள்ளிவிட்டார். அருள்மலருக்கு அதன் இரண்டு வேலைகள்மீது தீராத ஆச்சரியம். ஒன்று, இலக்கம் போடுவது. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் பொத்தானை அழுத்தினால் கருவி ஒரு புது இலக்கத்தைப் பதிந்துகொள்ளும். பிறகு கேட்பவர் ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தேட வேண்டியதில்லை. ஐந்தாம் இலக்கத்தை அமுக்கினால் ஐந்தாம் பாட்டு வந்து வாசலில் நிற்கும்.

மற்றது ஃபேட். "பாட்டை வெட்டக்கூடாது," என்பாள். "வீட்டுக்கு வந்த ஆளை வாசல் படலைவரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுறமாதிரி விடவேணும்."

இந்தக் கைப்பக்குவம் பரவியபிறகு, சபைக்கு வெளியில் இருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாராவது இறந்துபோனால், முப்பத்தோராம் நாளுக்கு முன்னால் வீட்டார் ஒரு பையில் கசெற்றுகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறந்தநாளில் பாடியது, ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, தொலைபேசியில் பதிந்து கிடந்தது எல்லாம் இருக்கும். அருள்மலர் அவற்றில் இறந்தவரின் குரலைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, ஒரே சீடியில் ஏற்றிக் கொடுப்பாள். கடைசி இலக்கத்தின் முடிவில் ஃபேட் இருக்கும். அந்தக் குரல் படலையைத் தாண்டி, ஒழுங்கையால் நடந்து, திரும்பிப் பாராமல் மறையும். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்ற வித்தியாசம் இல்லாமல் அந்த இடத்தில் எல்லா வீடும் அழுதது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில், அருள்மலரின் அலுமாரியில் அவள் சீடியில் ஏற்றாமல் வைத்திருந்த கசெற் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

அது அவள் தம்பி நீக்கிலாஸின் குரல். சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது வன்னியிலிருந்து யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியது. அப்போது அருள்மலர் குடும்பம் கிரின்ஸ்டெட்டில் இருந்தது. அடுத்த வருடம் அந்த வீட்டை விற்றுவிட்டு ஹேர்னிங்குக்கு வந்தார்கள். புதுத் தொலைபேசி இலக்கத்தை நீக்கிலாஸுக்குச் சொல்ல, அவனும் எழுதிக்கொண்டான். அவ்வப்போது அழைப்பு எடுப்பான். கடைசியாக எடுத்தது அந்த வருடத் தை மாதம். "அக்கா, வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறம். பிள்ளையும் சுகம். பிறகு எடுக்கிறன்." இணைப்பு அறுந்தது. பிறகு இல்லை.

வைகாசி நடுவில் போர் முடிந்துவிட்டது என்று டெனிஷ் தொலைக்காட்சியும் சொன்னது. மறுநாள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி ஓடிவந்து அருள்மலரைக் கட்டிப்பிடித்தாள். "போர் முடிந்துவிட்டதாமே! இனி உங்களுக்கு நிம்மதிதானே!" அவள் மனதார மகிழ்ந்துதான் சொன்னாள். அருள்மலர் நன்றி சொன்னாள். பிறகு தன் இயந்திரத்துக்குப் போய், அன்று முழுவதும் தைத்த ஓரங்களையெல்லாம் கோணலாகத் தைத்தாள்.

அந்தக் கசெற்றை அவள் நாள்தோறும் சமைக்கும்போது குசினி றேடியோவில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி 'போட்டு வாறன்' என்று விடைபெறும் இடம் வந்ததும் நிறுத்தி, மறுபடியும் முதலுக்குச் சுற்றுவாள். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தானே. ஒருநாள் நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. றொபேர்ட் பென்சிலை விட்டுச் சுற்றி ஒருபடியாக மீட்டெடுத்தார். நாடா கசங்கிப் போயிருந்தது.

"மலர், இன்னும் ஒருக்கா சிக்கினா அறுந்துபோம். சீடியில ஏத்துவம்."

"ஏலாது."

"ஏன் ஏலாது? ஊரில உள்ளவையின்ர எல்லாம் ஏத்திறாய்."

"அதாலதான் ஏலாது. நான் ஏத்தினதெல்லாம் எப்பிடிப்பட்ட ஆக்களின்ர குரல் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

றொபேர்ட் கசெற்றை அவள் கையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு அவன் இந்த வாசல்ல வந்து நிண்டு, 'அக்கா, நான் அனுப்பின கசெற் எங்கை?' எண்டு கேட்டா என்ன சொல்லப்போறாய்? அறுத்துப்போட்டன் எண்டோ?"

அருள்மலர் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி. ஆனா ஃபேட் போடமாட்டன்" என்றாள்.

"போடாதை."

"படலையடிக்கு நான் அவனைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

"போகவேண்டாமெண்டுதானே சொல்லுறன்."

ஜூன் ஐந்து, டென்மார்க்கின் அரசியலமைப்பு நாள். தொழிற்சாலை மத்தியானத்தோடு மூடியது. அடுத்த வீட்டுக் கம்பத்தில் சிவப்பு வெள்ளை நாட்டுக்கொடி வெயிலில் அசைந்துகொண்டிருந்தது. வரவேற்பறையில் கசெற் கருவியையும் சீடி றெக்கோடரையும் வயரால் இணைத்து, புதுச் சீடித் தட்டு ஒன்றை வைத்தாள். வழக்கமாக இலக்கங்களைத் தன் கையாலேயே போடுகிறவள் அவள். கருவியின் 'ஓட்டோ' முறையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. சில கணங்கள் அமைதியாக இருந்து மறுபடி ஓசை வந்தால், அது தானாகவே புது இலக்கம் போட்டுவிடும். போதகர் தண்ணீர் குடித்தால்கூட ஒரு இலக்கம் கூடிப்போகும். ஆனால் அன்று தம்பியின் குரலைத் தன் கையால் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதுவே போடட்டும் என்று ஓட்டோவில் விட்டுவிட்டாள்.

நீக்கிலாஸ் பேசத் தொடங்கினான். ஒரு வசனம் சொல்லி, அடுத்ததை எடுத்துவர வெளியே போனவனைப்போல நிறுத்துகிற பேச்சு அவனுடையது. திரும்பக் கட்டிய வீட்டைப் பற்றிச் சொன்னான், நிறுத்தினான். இலக்கம் இரண்டு. தேவாலயத்தில் தான் பாடுவதைச் சொன்னான், ஒரு கீர்த்தனத்தின் இரண்டு அடி பாடினான். மூன்று, நான்கு. பிள்ளை எல்லாவற்றையும் பாட்டாகவே சொல்லுகிறாள் என்று சிரித்தான். ஐந்து, ஆறு. நாடாவில் ஒவ்வொரு அமைதியும் எங்கே வரும் என்று அருள்மலருக்கு மனப்பாடம். ஏழோடு முடியும்.

ஏழு வந்தது. 'சரி அக்கா, மச்சானைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ' என்ற இடம் வருமுன்னரே அவள் ஒலியை முற்றாகக் குறைத்தாள். அடுத்து வரும் 'போட்டு வாறன்' என்பதைக் கேட்க அன்று அவளுக்குத் தைரியம் இல்லை. பதிவு அதனால் நிற்காது. குரல் வயரின் வழியே நேராகத் தட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்நேரம் சொல்லி முடித்திருப்பான். இப்போது ஃபேட்டை அழுத்த வேண்டும், மாட்டாள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் அது வெட்டு, அதுவும் மாட்டாள்.

"தானா முடிஞ்சு தானா நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சத்தமில்லாத அறையில் கருவியின் சிறிய திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. ஏழு என்ற இலக்கம். பக்கத்தில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அதையே பார்த்திருந்தாள்.

ஏழு எட்டானது.

முதலில் கருவி பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இது அமைதி, இது ஓசை. நாடாவின் இரைச்சலை அது ஓசையாகக் கணக்கெடுக்காது. அப்படியானால், எல்லாம் முடிந்துபோனது என்று அவள் ஆறு வருடங்களாக நம்பியிருந்த அந்த இடத்தில், யாரோ பேசுகிறார்கள்.

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ!"

றொபேர்ட் ஓடி வந்தார். மேல்மாடியிலிருந்து மகள் டிலக்ஷியும் இறங்கி வந்து, என்ன நடந்தது என்று டெனிஷில் கேட்டாள். பதினேழு வயது, தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. அருள்மலர் திரையைக் காட்டினாள். "ஒருத்தரும் ஒண்டையும் தொடாதேங்கோ. நாடா முடியட்டும்."

நாடா முடிந்து கட்டென்று நின்றது. அவள் தட்டை முதலுக்குக் கொண்டுவந்து, ஒலியைக் கூட்டி, எட்டை அழுத்தினாள்.

நாற்காலி ஒன்று இழுபட்டது. ஒரு பெண்குரல்: "நிப்பாட்டிப்போட்டியளே?"

"ஓம், அப்பவே நிப்பாட்டியாச்சு," என்றான் நீக்கிலாஸ். பதிவை அவன் நிறுத்தியிருக்கவில்லை. "கிருபாஷினி, இஞ்ச வா. அப்பாவைக் காணேல்லை எண்டா என்ன செய்வாய்?"

"மாமிக்கு அடிப்பன்," என்றது ஒரு மழலை.

"ஐயோ, மாமிக்கு அடிக்கிறதோ! போன் அடிப்பன் எண்டு சொல்லு. எந்த மாமி?"

"டென்மாக் மாமி."

"நம்பர்?"

குழந்தை பாடியது. கைதட்டிப் பாடுகிற ஓய்வுநாட் பள்ளி மெட்டு. "சைபர் சைபர் நாலு ஐஞ்சு… ஏழு மூண்டு…"

"பிழை. திரும்ப முதல்ல இருந்து."

"சைபர் சைபர் நாலு ஐஞ்சு… ஏழு ஐஞ்சு…"

"மூண்டு வயசுப் பிள்ளையைப் போட்டு வதைக்கிறார் மனிசன்," என்றது பெண்குரல்.

"வதைக்கேல்லை. கடதாசி நனையும், எரியும், துலையும். பாட்டுத் துலையாது. பாடு குஞ்சு."

குழந்தை முழு இலக்கத்தையும் பாடி முடித்தது. நீக்கிலாஸ் கைதட்டினான். அந்தக் கைதட்டலின் நடுவில் நாடா முடிந்தது.

முதலில் பேசியது டிலக்ஷி. "அம்மா, இது ஆர்?" என்று தமிழில் கேட்டாள்.

"உன்ர மச்சாள்." அருள்மலர் எழும்பிவிட்டாள். "ஏழு ஐஞ்சு எண்டுதானே பாடுறாள்? ஹேர்னிங் நம்பர் ஒன்பது ஏழெல்லே. அது எங்கட கிரின்ஸ்டெட் நம்பர்!"

"புது நம்பர் நீக்கிலாஸிட்ட இருக்குதானே," என்றார் றொபேர்ட்.

"நீக்கிலாஸிட்ட இருக்கு. அவளிட்டை இருக்கிறது பாட்டு." குரல் உடைந்தது. "அவள் தனிய நிண்டா, அவள் அங்கைதானப்பா எடுப்பாள்!"

கிரின்ஸ்டெட் வீட்டை வாங்கிய ஏய்னர் என்ற முதியவர் தொலைபேசி இணைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். தன் பழைய இலக்கத்தைத் தானே அழுத்துவது எப்படி இருந்தது என்று அருள்மலரால் பிறகு சொல்ல முடியவில்லை. ஏய்னர் எடுத்தார். அவள் தன் பெயரைச் சொல்லி, தூரத்திலிருந்து யாராவது அழைத்தார்களா என்று கேட்டாள்.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"ஒரு குழந்தை," என்றார் அவர். "இந்தக் கிழமைதான். முதல் தரம் இலக்கம் பிழை என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே மறுபடியும் வந்தது. குறும்புக்குச் செய்கிறாள் என்று கோபித்தேன். நேற்று நான் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். அழுதாள். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மாமி. அது உங்கள் பெயரா?"

"ஓம்," என்றாள் அருள்மலர், டெனிஷை மறந்து.

எந்த இலக்கத்திலிருந்து வந்தது என்று காட்டுகிற தொலைபேசி அல்ல அவருடையது. காலை வேளையில்தான் வருகிறது என்றார். மறுநாள் காலை றொபேர்ட் காரை ஓட்டினார். வயல்களும் காற்றாலைகளும் பின்னால் போயின. அருள்மலர் வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்த றொபேர்ட், கொஞ்சத்தூரம் போனபிறகுதான் அது அந்தக் கைதட்டல் மெட்டு என்று கண்டுகொண்டார்.

பழைய வீட்டின் நடையில், அதே இடத்தில் தொலைபேசி இருந்தது. றொபேர்ட் அடித்த கோட் கொழுக்கிகளில் இப்போது ஏய்னரின் தொப்பி தொங்கியது. அவர் கோப்பி ஊற்றினார், பேக்கரியில் வாங்கிய பாணை வெட்டி வைத்தார். யாரும் தொடவில்லை. "முதல் நாள் வைத்துவிட்டேனே," என்று அவர் இடைக்கிடை சொல்லிக்கொண்டார். "மன்னியுங்கள். எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றாள் அருள்மலர்.

மணி அடித்தது.

அவள் எடுத்தாள். றிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் அமைதி. சீடி றெக்கோடர் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த அமைதியின் முடிவில் ஒரு புது இலக்கம் போட்டிருக்கும்.

"ஹலோ… மாமியோ?"

"ஓம் குஞ்சு. மாமிதான். கிருபாஷினியோ?"

"ஓம்." ஒரு விம்மல். "நான் சரியாத்தான் அடிச்சனானோ? ஒவ்வொருக்காவும் வேற ஆர் எல்லாமோ எடுத்தவை. பாட்டை மறந்துபோனன் எண்டு நினைச்சன்."

"நீ ஒண்டும் மறக்கேல்லையம்மா. மாமிதான் வீடு மாறிப்போட்டன். நீ சரியாத்தான் அடிச்சனீ."

பெருவெள்ளத்தில் எல்லாம் போன இடத்தில் ஒரு சிறு தீப்பெட்டி நனையாமல் கிடந்ததைப்போல, வீடும் ஊரும் கடதாசியும் போன இடத்தில் அந்தப் பாட்டு மட்டும் நனையாமல் வந்திருந்தது. அருள்மலர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எங்கை குஞ்சு? அம்மா?"

"அம்மா அங்கயே…" பிள்ளை நிறுத்தியது. தகப்பனைப்போலவே அடுத்த வசனத்தை எடுத்துவரப் போயிருந்தது. "அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர். பிறகு இறக்கி விட்டிட்டு, பாட்டைப் பாடிக்கொண்டு நேர ஓடு எண்டவர். பின்னால வாறனெண்டு சொன்னவர்."

"வந்தவரோ?"

"நான் திரும்பிப் பாக்கேல்லை மாமி. பாட்டுப் பிழைச்சிடும் எண்டு."

பிறகு ஒரு தாதியின் குரல் வந்தது. பிள்ளைக்குக் காலில் காயம், ஆறிவருகிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், தன் இடைவேளையில் தன் போனைக் கொடுக்கிறேன், இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்றது. எழுத ஒன்றும் இல்லாமல் அருள்மலர் தடுமாற, ஏய்னர் பென்சிலை நீட்டி, பாண் சுற்றிவந்த கடதாசியைக் கிழித்துக் கொடுத்தார். தமிழ் ஒரு சொல்லும் விளங்காத அந்த மனிதரின் கண்ணிலும் நீர் வடிந்தது.

அன்று மத்தியானம் ஹேர்னிங்குக்குத் திரும்பியதும் அருள்மலர் அந்தத் தட்டைக் கையில் எடுத்தாள். பதிவை மூடும் கடைசிப் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. அழுத்தினால் எந்தக் கருவியிலும் கேட்கலாம். ஆனால் பிறகு எதையும் சேர்க்க முடியாது. அவள் அழுத்தவில்லை. அந்தத் தட்டு இன்றைக்கும் அவளுடைய கருவியில் மட்டுமே பாடும். ஏழாம் இலக்கத்துக்கு ஃபேட் இல்லை. எட்டுக்குப் பிறகு இடம் இருக்கிறது.

அடுத்த கிழமை தாதியின் போனில் மறுபடியும் கதைக்கக் கிடைத்தபோது, அருள்மலர் முதல் வேலையாகப் புது இலக்கத்தை அதே மெட்டில் பாடிக் காட்டினாள்.

"சைபர் சைபர் நாலு ஐஞ்சு… ஒன்பது ஏழு…" என்று பிள்ளை பாடிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் தடக்கியது.

"பிழை," என்றாள் அருள்மலர். "திரும்ப முதல்ல இருந்து."

பிள்ளை மறுபடி பாடி, இந்த முறை சரியாக முடித்தது. பிறகு கேட்டது:

"மாமி, இந்தப் புது நம்பர் அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும் குஞ்சு," என்றாள் அருள்மலர். "அப்பாவுக்கு ரெண்டும் தெரியும்."